ஊட்டுக்கு ஒரு கை

1937 ஆகஸ்ட் 4, புதன். ஜலகண்டாபுரம்.

இன்றும் ஏரிக்கரையைச் சுற்றித்தான் பள்ளிக்கூடம் போனேன். வீட்டு வாசலில் நின்று பார்த்தால் பள்ளிக்கூடத்து ஓடு தெரியும். கூப்பிட்டால் கேட்கும் தூரம். நடுவில் பாவடி. பாவடி என்பது வெறும் திடல்தான். விடியற்காலையில் பாவு என்கிற, தறியில் ஏற்றப்போகும் நீள நூலைத் திடலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, நீவி, காய வைக்கிறார்கள். அது காய்ந்து சுருட்டுகிறவரை குறுக்கே தாண்டக் கூடாது, கீழே குனிந்தும் போகக் கூடாது, செருப்போடு கிட்டே வரவே கூடாது. நான் குடையைச் சுருக்கிக்கொண்டு குனிந்து போகப் பார்த்தேன். நாலு பேர் ஒரே குரலில் "டீச்சரம்மா, டீச்சரம்மா" என்று பதறினார்கள், ஏதோ நான் கிணற்றில் விழப் போனது போல.

பதினேழு பெண்கள் பேர் கொடுத்திருக்கும் ஆறாம் வகுப்பில் இன்றைக்கு வந்தது ஐந்து. மற்றவர்கள் எங்கே? பாவுக்குப் போயிருக்கிறார்கள். பதினொரு மணிக்கு இருவர் முழங்கையில் கஞ்சி காய்ந்தபடி வந்து உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினார்கள்.

கீழ் வகுப்புகளுக்கு ஒரு வாத்தியார் இருக்கிறார், தீர்த்தகிரி. இருபது வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்தில் பொடி போடுகிறவர். அவரிடம் முறையிட்டேன். "இந்த ஊருல பள்ளிக்கூடமெல்லாம் பாவுக்கு அப்புறந்தானுங்க" என்றார். அதோடு அவருடைய யோசனை முடிந்தது.

ஆகஸ்ட் 6, வெள்ளி.

அமாவாசை. தறிகளுக்கு விடுமுறை, பாவும் கிடையாது. இன்றைக்காவது பதினேழும் வரும் என்று காலையிலேயே கரும்பலகை நிறைய எழுதி வைத்திருந்தேன். வந்தது இரண்டு. மற்றவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கோயிலுக்குப் போய்விட்டார்கள்.

பாவு இருந்தால் வரமாட்டார்கள். பாவு இல்லாவிட்டாலும் வரமாட்டார்கள். பிறகு எதற்கு இங்கிலீஷ் டீச்சர் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் போட்டார்கள்?

ஆகஸ்ட் 15, ஞாயிறு.

ஐயாவின் கடிதம் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வர ஆறு நாள் எடுத்திருக்கிறது. மகளுக்கு எழுத ஒன்றும் புதிதில்லை. "உமது வகுப்பை அரசாங்கம் அங்கீகரித்தால் அங்கேயே இரும். தை மாதத்துக்குள் அது நடவாவிட்டால் திரும்பி வந்துவிட வேண்டும், நீர் ஒப்புக்கொண்டபடி." ஒப்புக்கொண்டேன்தான். வேறெப்படிக் கப்பலேறியிருப்பேன்?

திரும்பிப் போனால் என்ன என்பதும் எழுதியிருக்கிறார். பெரியண்ணை கண்டியில் வீடு மாற்றிவிட்டாராம். பெரிய வீடாம். மச்சாளுக்கு நாலாவது பிள்ளை கார்த்திகையில். "உமக்கென்று ஒரு அறை ஒதுக்கியிருக்கிறார்கள்." ஓம், தெரியும் அந்த அறை. பிள்ளைகள் படுக்கிற அறை. பெரியத்தையைப் போல நானும் ஒரு வீட்டில் நின்று, பிள்ளை தூக்கி, சோறு வடித்து, நரைத்து, கடைசியில் எல்லாரும் "பாவம், நல்ல மனுஷி" என்று சொல்லச் செத்துப்போகலாம். நான் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணினது அதுக்குத்தானோ?

ஆகஸ்ட் 24, செவ்வாய்.

குடியிருக்கும் வீட்டைப் பற்றி எழுத வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துப்போவேன்.

வீட்டுக்காரி பெரியநாயகி. அவள் புருஷன் குழந்தைவேல், தறிக்குழிக்குள் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் மேலே வருகிற மனுஷன். மகள் வசந்தாமணி என் வகுப்பு. எனக்கு முன்னறையைக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தது அறையை மட்டும்தான், கதவை அல்ல. யாரும் தட்டுவதில்லை. நான் தலைவாரிக்கொண்டிருக்கையில் பெரியநாயகி இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து என் பெட்டியைத் திறந்து, "இதாம் பாருங்க, சிலோன் சீலை" என்று காட்டுகிறாள். அந்தப் பெண்கள் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்து, நூல் எண்ணைக் கணக்குப் போட்டு, "சுமாருங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

கேள்விகள்: ஏன் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்களா. இருந்துமா அனுப்பினார்கள். காதில் ஏன் இவ்வளவு சின்னத் தோடு. சிலோனில் ராத்திரி எப்போது வரும்.

நான் "ஓம்" என்று சொல்லும்போதெல்லாம் தெருவே சிரிக்கிறது. "டீச்சரு மந்திரஞ் சொல்றாங்க" என்று பக்கத்து வீட்டுப் பழனியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். இன்றைக்கு வேணுமென்றே மூன்று தரம் "ஆமாம்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

செப்டம்பர் 9, வியாழன்.

பெரியநாயகி சாயங்காலம் வந்து நின்றாள். "நாளைக்கு எங்கூட்டுப் பாவுங்க. ஊட்டுக்கு ஒரு கை வரோணும். நீங்களும் ஒரு ஊடுதானுங்களே?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினபோது சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. பாவு போடுகிற வீட்டுக்குத் தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு ஆள் போய் நிற்க வேண்டுமாம். கூலி கிடையாது. அவர்கள் பாவு போடும்போது இவள் போய் நிற்பாள். நான் ஒரு அறை வாடகைக்கு எடுத்தவள், எனக்குத் தறியும் இல்லை, பாவும் இல்லை. நான் எதற்கு?

"நான் இங்கிலீஷ் டீச்சர். எனக்கு நோட்டுப் புத்தகம் திருத்த வேண்டும்" என்றேன். கொஞ்சம் விறைப்பாகத்தான் சொன்னேன். அவள் "செரிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கோபமா, இல்லையா, அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது.

செப்டம்பர் 13, திங்கள்.

வகுப்புக்கு ஒருத்தியும் வரவில்லை.

செப்டம்பர் 14, செவ்வாய்.

வசந்தாமணி மட்டும் வந்தாள், அதுவும் புத்தகம் இல்லாமல், சொல்லிவிட்டுப் போக. "டீச்சர், நீங்க எங்கூட்டுப் பாவுக்கு வல்லீங்களா. அதனால உங்க பாவுக்கும் ஆரும் வரமாட்டாங்களாம்."

எனக்கு எந்தப் பாவு என்று கேட்டேன். இதுதானே உங்க பாவு என்று வகுப்பறையைக் கையால் காட்டினாள். காலி பெஞ்சுகள்.

இதென்ன கண்டறியாத வழக்கம். நான் அவையின்ர பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறன். அது எனக்குச் செய்யிற உதவியோ? ஆரைக் கேட்டு இப்பிடி ஒரு கணக்குப் போட்டவை? எனக்கு விசர்தான் பிடிக்கப்போகுது.

செப்டம்பர் 17, வெள்ளி.

காரியதரிசி அப்புசாமி ஆளனுப்பிக் கூப்பிட்டார். நூல் வியாபாரி. பள்ளிக்கூடத்துக் கமிட்டியும் அவரே, கட்டடமும் அவருடையதே. வாயில் வெற்றிலையோடு ஒரு காகிதத்தை நீட்டினார். அக்டோபர் 21, வியாழக்கிழமை, இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் ஆறாம் வகுப்பைப் பார்வையிட வருகிறார். குறைந்தது பன்னிரண்டு பெண்கள் ஆஜராக இருந்தால்தான் இங்கிலீஷ் வகுப்புக்கு அங்கீகாரம்.

"வல்லீன்னா அந்த ரூம்புல நூல் பேல் அடுக்கிப்போடறனுங்க. மழைக்காலம் பாருங்க, எடம் இல்ல" என்றார். மிரட்டவில்லை. உண்மையிலேயே அவருக்கு இடம் இல்லை.

பன்னிரண்டு. எண்ணி ஐந்து வாரம்.

செப்டம்பர் 21, செவ்வாய்.

காலை ஐந்து மணிக்கு எழும்பிப் பழனியம்மாள் வீட்டுப் பாவுக்குப் போய் நின்றேன். யாரும் வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. மாரக்காள் என்று ஒரு பெண்பிள்ளை, ஐம்பது வயது இருக்கும், பாவடியே தன் பெயரில் எழுதி வைத்தது போல அதிகாரம். என் செருப்பைப் பார்த்தாள். கழற்றினேன். என் கையைப் பிடித்து ஓர் இடத்தில் வைத்தாள். அறுந்த இழையை முடிய வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதானா. ஆயிரம் இழையில் எது அறுந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வசந்தாமணியின் வயதுப் பிள்ளைகள் என் முழங்கைக்குக் கீழே புகுந்து புகுந்து முடிந்துவிட்டுப் போகிறார்கள். எனக்குப் பின்னால் வந்த மாரக்காள் நான் போட்ட முடிச்சையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாள். "இவ்வளவு பெரிய முடிச்சு அச்சுப் பல்லுல மாட்டுமுங்க சாமி. தறி நின்னுபோகும்."

கஞ்சி நாற்றம் குளித்தும் போகவில்லை. வகுப்பில் இன்று ஒரே ஒருத்தி.

செப்டம்பர் 29, புதன்.

நாலாவது வீடு. இடுப்பு ஒடிகிறது. ஒரு வீட்டுக்குப் போனால் அந்த ஒரு வீட்டுப் பிள்ளைதான் வருகிறது. பதினேழு வீட்டுக்கும் போக வேண்டும். நான் இங்கிலீஷ் படிப்பிக்க வந்தேனா, இழை முடிய வந்தேனா?

அக்டோபர் 13, புதன்.

பதினோராவது வீடு. கையெழுத்தே மாறிவிட்டது, விரல் நுனியெல்லாம் தடித்துப்போய். வகுப்பில் பதினொன்று. இன்னும் ஒன்று வேண்டும். ஆறு வீடு பாக்கி, எட்டு நாள் இருக்கிறது. முடித்துவிடலாம்.

அக்டோபர் 14, வியாழன். மழை.

அக்டோபர் 16, சனி. மழை. பாவு இல்லை. பாவடி முழுக்கச் சேறு. பெண்கள் பள்ளிக்கு வருகிறார்கள், அதுவரைக்கும் சந்தோஷம். ஊர் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு இரண்டு வாரம்தான், சரக்கு முடிய வேண்டும், நூல் ஈரமாகக் கிடக்கிறது.

அக்டோபர் 19, செவ்வாய்.

வானம் வெளுக்கிறது. வெயில் வந்தால் எல்லா வீடும் ஒரே நாளில் பாவை எடுத்துக்கொண்டு இறங்கும்.

சாயங்காலம் பதினேழு வீட்டுக்கும் நானே போனேன். சேற்றில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் நின்று, வியாழக்கிழமை பெரிய அம்மாள் வருகிறார், ஒரு வீடும் தவறக் கூடாது என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம், இதைப் படிக்க ஆரும் இல்லை. நான் இன்னும் கை கொடுக்காத ஆறு வீட்டுக்கும் போனேன். எப்படியும் பிறகு உங்கள் பாவுக்கு வந்து நிற்பேன் என்றேன்.

மாரக்காள் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க போங்க சாமி. ஒரு ஊடும் தவறாது" என்றாள்.

அக்டோபர் 21, வியாழன்.

எழுதத்தான் வேண்டும். வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் பளீரென்று வெயில். பாவடியில் ஒன்றல்ல, ஐந்து பாவு, பக்கத்தில் பக்கத்தில். நானும் அப்புசாமியும் ஒன்பது மணியிலிருந்து பள்ளிக்கூடத்து வாசலில் மாலையோடு நின்றோம். பின்பக்கமாகப் பெண்கள் சிலர் உள்ளே போவதைப் பார்த்தேன். காரைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பத்தரைக்கு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வந்தார். கண்ணாடி, வெள்ளைச் சேலை, அதிகம் சிரிக்காத முகம். நேரே ஆறாம் வகுப்புக்கு என்றார். கதவைத் திறந்தேன்.

எல்லாப் பெஞ்சும் நிறைந்திருந்தது. பதினேழு பேர். அதில் என் வகுப்புப் பெண்கள் ஆறு. முன் பெஞ்சில் பெரியநாயகி. அவளுக்குப் பக்கத்தில் பழனியம்மாள், மடியில் பால் குடிக்கும் பிள்ளை. கடைசி பெஞ்சில் மாரக்காள், காலை நீட்டிக்கொண்டு. நடுவில் இரண்டு கிழவிகள். எல்லாவற்றுக்கும் மேலே காளியப்பன், கால் முறிந்து ஒரு மாதமாகக் கட்டிலில் கிடந்த மனுஷன், மீசையும் கட்டுப் போட்ட காலுமாக, பெண்பிள்ளைகள் இருக்கிற இடமென்று மரியாதைக்குத் தரையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். காளியப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அம்மாள் ரிஜிஸ்டரை எடுத்தார். "வசந்தாமணி" என்றார்.

"உள்ளேனுங்க" என்றாள் பெரியநாயகி.

"வயது பன்னிரண்டு என்று போட்டிருக்கிறதே."

"அது அவ வயசுங்க. அவ பாவுல நிக்கறா. பொடி விரலுங்க, இழை முடியறதுக்கு அவதான் வேணும். நான் கஞ்சி காச்சிக் குடுத்துப்போட்டுச் சும்மா இருந்தனுங்க, அதான் நான் வந்தேன்."

"கந்தம்மாள்."

"அவளுக்கு நானுங்க. அவ அத்தை" என்றாள் மாரக்காள்.

"குஞ்சம்மாள்."

"எம் மவளுங்க" என்றார் காளியப்பன். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆளு போதுங்களாம்மா? பத்தாதுன்னா எந் தம்பி வெளியில நிக்கறான், கூப்புடட்டுங்களா?"

அம்மாள் என் பக்கம் திரும்பி, இங்கிலீஷில், இது என்ன நாடகம் என்று கேட்டார். எனக்கு நன்றாகத் தெரியும், ஒரு வார்த்தை போதும். இவர்கள் படிக்காதவர்கள், நான் பெண்களைத்தான் வரச் சொன்னேன், எனக்கு இதில் சம்பந்தமில்லை. இங்கிலீஷில் வடிவாக வந்திருக்கும், அவர்களுக்கு விளங்கியும் இராது. வாயைத் திறந்தேன். பெரியநாயகி நல்ல சேலை கட்டியிருந்தாள். தீபாவளிக்கு முந்தின இந்த ஒரு வெயில் நாளில், அவள் வீட்டுப் பாவு காய்கிற நேரத்தில், வந்து உட்கார்ந்திருந்தாள்.

"வரச் சொன்னது நான்" என்றேன். "ஒரு வீடும் தவறக் கூடாது என்று பதினேழு வீட்டிலும் போய்ச் சொன்னது நான். ஒரு வீடும் தவறவில்லை." பிறகு பாவு என்றால் என்ன, வீட்டுக்கு ஒரு கை என்றால் என்ன, யார் யாருக்கு நிற்பார்கள் என்று எல்லாம் சொன்னேன். இங்கிலீஷில் பாவுக்கு என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியவில்லை, கையை விரித்து விரித்துக் காட்டினேன். பைத்தியக்காரி போல இருந்திருக்கும்.

அம்மாள் ஜன்னலருகே போய்ப் பாவடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வந்து ஆறு பெண்களையும் வாசிக்கச் சொன்னார். வாசித்தார்கள், நன்றாகவே. ரிஜிஸ்டரில் "ஆறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறினார். மாலை அப்புசாமியின் கையிலேயே இருந்தது.

பெரியநாயகி ஓடி வந்து, "எல்லாம் நல்லபடியா ஆச்சுங்களா?" என்றாள். ஆச்சு என்றேன். அறைக்கு வந்து கதவுக்குப் பெட்டியை முட்டுக் கொடுத்துவிட்டு அழுதேன்.

அக்டோபர் 22, வெள்ளி.

தெருவெங்கும் நேற்றைய கதைதான். அந்த அம்மாள் கண்ணாடி வழியாகப் பார்த்ததை மாரக்காள் நடித்துக் காட்டுகிறாளாம். எனக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எல்லோருக்கும் சந்தோஷம்.

நவம்பர் 2, செவ்வாய். தீபாவளி.

பதினேழு வீட்டிலிருந்தும் தட்டு வந்தது. ஒரு வாரத்துக்கு அதிரசம்தான், ஒன்றும் சமைக்க வேண்டாம்.

நவம்பர் 19, வெள்ளி.

ரிப்போர்ட் வந்தது. வருகை ஆறு. இந்த வருஷம் அங்கீகாரம் இல்லை. ஆசிரியை உண்மையை மறைக்கவில்லை என்று ஒரு வரி. நாள்தோறும் பன்னிரண்டு பேர் வருவதாக ரிஜிஸ்டர் காட்டினால் ஜூனில் மறுபடி பார்வையிடலாம் என்று ஒரு வரி.

அப்புசாமி அதைப் படித்துவிட்டு, பேச்சுக்குச் சோகமாக, "சர்க்கார் பணம் வராம ஜூன் வரைக்கும் உங்க சம்பளத்துக்கு வழியில்லீங்களே டீச்சர்" என்றார். கண் மட்டும் நூல் பேலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நவம்பர் 21, ஞாயிறு.

ஐயாவுக்கு எழுதினேன். பதில் வருவதற்கு முன்பே பதில் எனக்குத் தெரியும். அறை தயார்.

டிசம்பர் 5, ஞாயிறு.

வந்தது. சனவரி பன்னிரண்டாந் தேதி தனுஷ்கோடிக் கப்பல். தலைமன்னாரில் பெரியண்ணை வந்து நிற்பார். மச்சாளுக்குப் பெண் பிள்ளையாம், ராத்திரியெல்லாம் அழுகிறதாம்.

டிசம்பர் 6, திங்கள்.

பெரியநாயகியிடம் ஊருக்குப் போகிறேன் என்றேன். அரை மணியில் வீடு நிறைந்துவிட்டது. மாரக்காள் வந்து நடுவில் உட்கார்ந்தாள்.

"போறதுன்னாப் போங்க சாமி, ஆரு வேண்டாங்கறா. ஆனா ஆறு ஊட்டுக்குக் கை பாக்கி நிக்குதுங்களே, அது எப்படீங்க?"

அவ்வளவுதான். ஒன்றரை மாதம் அடக்கி வைத்தது எல்லாம் கொட்டிவிட்டது. "உங்கட கையாலதானே எனக்கு வேலை போச்சுது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையள் வரவேணும். காளியப்பன் வந்து என்ன செய்யிறது? நான் ஊருக்குப் போய்ப் பிள்ளை தாலாட்டப் போறன், அதுக்கும் ஊட்டுக்கு ஒரு ஆள் வருவியளோ?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். பாதி அவர்களுக்கு விளங்கியிருக்காது. விளங்கின பாதி போதும்.

குழந்தைவேல் தறியை நிறுத்தினது கேட்டது.

பெரியநாயகிதான் கடைசியில், மெதுவாக: "பாவு காயற நேரத்துல பொண்ணுகள உடமுடியாதுங்க. ஆனா பாவு எப்படியும் பத்து பதினோரு மணிக்கு முடிஞ்சுரும். சோறு தின்னுபோட்டு, ரெண்டு மணியிலிருந்து பொழுது சாயறவரைக்கும் அவளுக சும்மாத்தானே கெடக்கறாளுக. அப்பக் கூப்புட்டிருந்தா பதினேழும் வந்திருப்பாளுகளே. நீங்க கேக்கவே இல்லீங்களே."

நாலு மாதம். நாலு மாதத்தில் என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை. தீர்த்தகிரி வாத்தியார் சொன்னாரே, பாவுக்கு அப்புறம் என்று. அந்த மனுஷன் எனக்கு நேரம் சொல்லியிருக்கிறார். நான் பொடி போடுகிற சோம்பேறி என்று நினைத்தேன்.

டிசம்பர் 8, புதன்.

தெருவிலிருந்து எட்டுப் பேர் அப்புசாமியைப் பார்க்கப் போனார்கள். அவருடைய நூலை நெய்கிறவர்கள் அத்தனை பேரும் இவர்கள்தான் என்பதை யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. ஜூன் வரைக்கும் அறை இருக்கட்டும் என்றார். இரண்டு மணி முதல் ஐந்தரை மணி. சம்பளத்துக்கு மட்டும் வழியில்லை என்றார் மறுபடியும்.

மாரக்காள் திரும்பி வந்து என்னிடம் சொன்னாள், கேட்கவில்லை, சொன்னாள்: "சோறு ஊட்டுக்கு ஒரு நாளுங்க. பதினேழு நாளைக்கு ஒருக்கா முறை வரும். ரூம்பு வாடகை வேண்டாம்னு பெரியநாயகி சொல்லிப்போட்டா."

நான் சனவரியில் போகிறவள், அது எதற்கு என்றேன். "அதுவரைக்கும் தின்ன வேண்டாங்களா?"

ஆறு பாவு முடிக்கிறவரைக்கும்தான். கடனோடு கப்பலேறினேன் என்று இந்தத் தெரு பேச வேண்டாம்.

டிசம்பர் 9, வியாழன்.

இரண்டு மணி வகுப்பு. பதினாறு. குஞ்சம்மாளுக்குச் சளி.

டிசம்பர் 17, வெள்ளி.

பாக்கியில் மூன்றாவது வீடு முடிந்தது. மார்கழிப் பனியில் கஞ்சி காயவே மாட்டேன் என்கிறது, எட்டு மணிவரை கை விறைத்து நின்றேன். மாரக்காள் இன்றைக்கும் இரண்டு முடிச்சைப் பிரித்தாள். இரண்டு மட்டும்.

ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் சாப்பாடு. அம்மா அறிந்தால் என்ன சாதி, என்ன பாத்திரம் என்று தலையில் அடித்துக்கொள்வா. முதல் நாள் எனக்கும் தொண்டையில் நின்றது, பொய் சொல்ல மாட்டேன். காரம்தான் காரணம் என்று என்னையே ஏமாற்றிப் பார்த்தேன். காரமும்தான்.

டிசம்பர் 23, வியாழன்.

அதே பனிதான். காய்ச்சல். எழுத முடியவில்லை.

டிசம்பர் 28, செவ்வாய்.

எழும்பி உட்கார்ந்தேன். நாலு நாளும் நாலு வீட்டுப் பெண்கள் முறை போட்டுப் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். பழனியம்மாள் தன் கைப்பிள்ளையோடு வந்து இந்த அறையிலேயே படுத்திருக்கிறாள். வகுப்பும் நிற்கவில்லையாம். வசந்தாமணி கரும்பலகையில் எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதினார்களாம். நோட்டுகளைக் கொண்டுவந்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரே பிழை பதினேழு நோட்டிலும். திருத்தத் திருத்தத் தலை மறுபடி சுடுகிறது.

1938 சனவரி 6, வியாழன்.

ஆறாவது வீடு. கடைசிப் பாவு. அறுந்த இழை முப்பதுக்கு மேல் இருக்கும். மாரக்காள் பின்னாலேயே வந்தாள், ஒன்றையும் பிரிக்கவில்லை, நல்லாயிருக்குது என்றும் சொல்லவில்லை.

கை துடைத்துக்கொண்டு, "சரி, தீர்ந்தது" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "தீந்ததுங்களா? காச்சல்ல கெடந்தப்ப நாலு ஊட்டுப் பொண்ணுக ஒக்காந்திருந்தாளுகளே, அது எந்தக் கணக்குலீங்க?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கஞ்சிச் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆரப்பா உங்களைக் கேட்டது? நான் கேட்டனானோ? காய்ச்சலில கிடந்தவளை விட்டிட்டுப் போயிருக்கலாம்தானே? ஒரு கை தீர முந்தி இன்னொரு கை. தின்னுகிற சோத்துக்கும் நாளைக்கு ஒரு கணக்கு வரும். இந்தச் சனங்களோடு ஒருநாளும் கணக்குத் தீராது, தீர விடமாட்டினம்.

சனவரி 8, சனி.

கப்பலுக்கு நாலு நாள். பெட்டி கட்டவில்லை.

காலையில் ஐயாவுக்குக் கடிதம் எழுதினேன். நாலு முறை எழுதிக் கிழித்தேன். அங்கீகாரம், ஜூன், மறு பார்வை, ரிஜிஸ்டர், இந்த ஒரு மாதத்தில் ஒரு நாளும் பதினாறுக்குக் குறையவில்லை என்பது, எல்லாம் எழுதினால் கெஞ்சுவது போல இருந்தது. கடைசியில் போட்டது இவ்வளவுதான்: "பெரியண்ணையைத் தலைமன்னாருக்கு வர வேண்டாம் என்று சொல்லவும். இங்கே நான் இன்னும் நாலு வீட்டுக்குக் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. அது முடிந்ததும் வருகிறேன்."

தபாலில் சேர்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனேன். அந்தக் கணக்கு முடியாது என்று எனக்குத் தெரியும். ஐயாவுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டியதில்லை.